விளையாட்டுக் காசும் வீட்டுக் காசும்: பிள்ளைகளின் கைப்பேசிக்குள் இருக்கும் சூதாட்டக் கூடம்

 

சில மாதங்களுக்கு முன் மேலப்பாளையத்தில் ஒரு மாலை நேரம். மஃரிபுக்குப் பின் மக்தப் பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தப் போனபோது, ஒரு தாய் தன் பதினான்கு வயது மகனைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். வீட்டில் பீடி சுற்றிச் சம்பாதிப்பவர். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக வங்கிக் கணக்கில் சிறுகச் சிறுகச் சேர்த்து வந்தவர். கட்டணம் கட்டும் நாளில்தான் கணக்கில் 8,260 ரூபாய் குறைவது தெரிந்திருக்கிறது.

"ஹஜ்ரத், இவன் பண்ணியிருக்க காரியத்தப் பாருங்க. போன்ல மெசேஜ் வந்துக்கிட்டுத்தான் இருந்திருக்கு. இங்கிலீஷ்ல வருது, எனக்கு என்ன தெரியும்? கரண்டு பில் கட்ட, கேஸ் புக் பண்ண எல்லாத்துக்கும் இவன்ட்டதான் போனக் கொடுப்பேன். பின் நம்பர் இவனுக்குத் தெரியும்."

ஒரே தடவையில் போகவில்லை. 29 ரூபாய், 79 ரூபாய், 159 ரூபாய் என்று பல தடவைகளில் போயிருந்தது. எல்லாம் ஒரு கைப்பேசி விளையாட்டில் 'டைமண்ட்' வாங்கிய கணக்கு. அந்த டைமண்டைக் கொடுத்துச் சக்கரம் சுற்றினால் அரிய ஆயுதமோ உடையோ விழலாம், விழாமலும் போகலாம்.

நான் அவனிடம், "தம்பி, இது சூதாட்டம் இல்லையா?" என்று கேட்டேன். அவன் தலையைக் குனிந்தபடியே சொன்ன பதில் இன்றும் என் காதில் நிற்கிறது: "ஹஜ்ரத், நான் காசு வெச்சு ஆடல. டைமண்ட் வெச்சுதான் ஆடுனேன்."

அவன் ஏமாற்றுவதற்காக அப்படிச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படி நம்பியிருந்தான். அந்த நம்பிக்கை அவனுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கு அன்று தெரியவில்லை. "ஒரு வாரம் பொறு, படித்துவிட்டுச் சொல்கிறேன்" என்று அனுப்பி வைத்தேன். அப்படிப் படித்ததையும் கேட்டறிந்ததையும்தான் இங்கே உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் என் தவறு

இந்த விஷயத்தில் ஆலிம்களாகிய எங்கள் பக்கமும் ஒரு பிழை உண்டு. 2001ஆம் ஆண்டு சவூதி அரேபியா போக்கிமான் விளையாட்டுகளையும் அட்டைகளையும் தடை செய்தது. அட்டை ஆட்டம் சூதாட்டத்தை ஒத்திருக்கிறது என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. ஆனால் அதே காலத்தில், அந்தப் பெயருக்கு ஏதோ ஒரு மொழியில் இஸ்லாத்துக்கு எதிரான பொருள் இருக்கிறது என்ற வதந்தியும் ஊர் ஊராகப் பரவியது. அப்போது மதரஸா மாணவனாக இருந்த நானும் அதை ஒரு மேடையில் பேசினேன். உண்மையில் 'பாக்கெட் மான்ஸ்டர்' என்ற இரண்டு சொற்களின் சுருக்கம்தான் போக்கிமான். விசாரிக்காமல் பேசியதால் என்ன ஆயிற்று? கேட்டுக் கொண்டிருந்த இளைஞர்கள் பிறகு உண்மையைத் தெரிந்துகொண்டு, நான் சூதாட்டத்தைப் பற்றிச் சொன்னதையும் சேர்த்தே தள்ளிவிட்டார்கள். ஆகவே இந்த முறை விளையாட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதை உள்ளபடி சொல்லிவிட்டு, அதன் பிறகு மார்க்கச் சட்டத்துக்கு வருகிறேன்.

கதைக்குள் இருந்த சூதாட்டக் கூடம்

'ரோல் பிளேயிங்' விளையாட்டு என்று ஒரு வகை உண்டு. ஆடுபவரே கதையின் நாயகனாகி ஊர் ஊராகப் போவார், எதிரிகளை வெல்வார், காசு சேர்ப்பார், கடையில் வாளும் கேடயமும் வாங்குவார். ஜப்பானில் 1986இல் தொடங்கிய 'டிராகன் குவெஸ்ட்' இதில் புகழ்பெற்ற தொடர். 1990இல் வந்த அதன் நான்காம் பாகத்தில், கதையில் வரும் ஒரு நகரத்தில் சூதாட்டக் கூடம் இருந்தது. கதைக்குள் சம்பாதித்த தங்கக் காசைக் கொடுத்து அந்தக் கூடத்தின் டோக்கனை வாங்க வேண்டும். டோக்கனை வைத்து நாணய இயந்திரத்திலும் சீட்டிலும் ஆட வேண்டும். வென்ற டோக்கனுக்கு வேறெங்கும் கிடைக்காத ஆயுதங்கள் பரிசாகக் கிடைக்கும். ஆனால் டோக்கனைத் திருப்பிக் கொடுத்துத் தங்கக் காசு வாங்க முடியாது. அது ஒருவழிப் பாதை.

1996இல் வந்த முதல் போக்கிமான் விளையாட்டிலும் 'கேம் கார்னர்' என்று ஒரு கூடம் இருந்தது. கதைக்குள் உள்ள பணம் 1,000 கொடுத்தால் 50 நாணயம். அங்கே பரிசாக வைக்கப்பட்ட ஓர் உயிரினத்தின் விலை, 'ரெட்' பதிப்பில் 9,999 நாணயம். நாணயத்தை விலைக்கு வாங்கியே அதைப் பெற நினைத்தால், கதைப் பணம் ஏறக்குறைய இரண்டு லட்சம் வேண்டும். அவ்வளவு சேர்க்கப் பொறுமை இல்லாத பிள்ளை என்ன செய்யும்? நாணய இயந்திரத்தின் முன் உட்காரும். கூடம் அதற்காகவே அப்படி அமைக்கப்பட்டிருந்தது. அந்தக் கூடத்தை நடத்துவது ஒரு குற்றக் கும்பல் என்று அந்தக் கதையே சொல்கிறது என்பதும் கவனிக்க வேண்டியது.

இந்தப் பழைய கூடங்களில் ஒரு நல்ல அம்சம் இருந்தது. கடையில் ஒருமுறை விலை கொடுத்து விளையாட்டை வாங்கிய பிறகு, வீட்டுக் காசு ஒரு பைசாகூட உள்ளே போகாது. விட்டாலும் கதைக் காசுதான் போகும். மூடிய அறை என்று வைத்துக் கொள்ளுங்கள்.

அந்த டிராகன் குவெஸ்ட் நான்காம் பாகத்தில் ஒரு வேடிக்கையும் நடந்தது. கதையின் ஒரு கட்டத்தில் டோக்கன் ஒன்றின் விலை 20 தங்கக் காசு. 8,38,861 டோக்கன் கேட்டால் 1,67,77,220 காசு ஆகும். ஆனால் அந்த இயந்திரத்தால் 1,67,77,215 வரைதான் எண்ண முடியும். அதைத் தாண்டியதும் எண்ணிக்கை மறுபடி பூஜ்யத்தில் தொடங்கி 4 காசில் வந்து நிற்கும். நான்கு காசுக்கு எட்டு லட்சம் டோக்கன்! ஜப்பானியப் பிள்ளைகள் இதைக் கண்டுபிடித்து ஒருவருக்கொருவர் சொல்லிக் கொண்டார்கள். அன்று கூடத்தின் கணக்குப் பிசகினால் லாபம் பிள்ளைக்கு. இன்றைய கைப்பேசி விளையாட்டுகளில் கணக்கு முழுவதும் கம்பெனியின் கணினியில் இருக்கிறது. அங்கே பிசகு வருவது அபூர்வம்.

மூடிய அறையாக இருந்தாலும், சிறுவர்களுக்கு நாணய இயந்திரத்தைப் பழக்குவது தவறு என்ற எண்ணம் மேலை நாடுகளிலும் வந்தது. போக்கிமான் 'பிளாட்டினம்' விளையாட்டின் ஐரோப்பியப் பதிப்பில் நாணய இயந்திரங்கள் இயங்காதபடி செய்யப்பட்டன. அடுத்து வந்த 'ஹார்ட்கோல்ட்', 'சோல்சில்வர்' விளையாட்டுகளின் ஜப்பானுக்கு வெளியிலான பதிப்புகளில், அந்த இயந்திரத்துக்குப் பதிலாக யோசித்து ஆடும் ஒரு கட்டப் புதிர் வைக்கப்பட்டது. நாணயம் விற்பதும் நிறுத்தப்பட்டது. 2010 முதல் வந்த புதிய பாகங்களில் நாணய இயந்திரமே இல்லை. ஐரோப்பாவின் வயதுத் தர அமைப்பான 'பெகி', 2020 முதல், சூதாட்டத்தைக் கற்றுக்கொடுக்கும் அல்லது கவர்ச்சியாகக் காட்டும் புதிய விளையாட்டுகளுக்கு 18 வயது முத்திரை குத்துகிறது. ஆஸ்திரேலியா 2024 செப்டம்பரில் இதே போன்ற விதியைக் கொண்டுவந்தது.

அறையின் சுவர் உடைந்தது

இப்போது கைப்பேசி விளையாட்டுகளுக்கு வருவோம். இவற்றில் பெரும்பாலானவை இலவசம். யாரும் விலை கேட்பதில்லை. பணம் வரும் வழி வேறு. ஜப்பானில் காசு போட்டுத் திருகினால் ஏதாவது ஒரு பொம்மை விழும் 'கச்சா' இயந்திரங்கள் உண்டு. எது விழும் என்று முன்கூட்டியே தெரியாது. அந்த முறையை விளையாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். சில இடங்களில் அது பெட்டி, சில இடங்களில் சக்கரம், சில இடங்களில் 'லக்கி டிரா'.

எண்கள் வெளிப்படையாகத் தெரிந்த ஒரு விளையாட்டை உதாரணமாக எடுத்துக் கொள்வோம். 2020 செப்டம்பரில் வெளிவந்த 'கென்ஷின் இம்பாக்ட்' ஒரு ரோல் பிளேயிங் விளையாட்டு. இதில் பணம் கொடுத்தால் முதலில் ஒரு வகைப் படிகம் கிடைக்கும். அந்தப் படிகத்தை இன்னொரு வகைக் கல்லாக மாற்ற வேண்டும். அப்படிப்பட்ட 160 கல்லைக் கொடுத்தால் ஒரு சீட்டு. ஒரு சீட்டுக்கு ஒரு வாய்ப்பு. உயர்ந்த தரத்துப் பாத்திரம் விழுவதற்கான அடிப்படை வாய்ப்பு 0.6 விழுக்காடு. அதாவது ஆயிரம் தடவைக்கு ஆறு. இந்தக் கணக்கில் நூறு பேர் ஐம்பது ஐம்பது தடவை இழுத்தால், அவர்களில் எழுபத்து நான்கு பேர் வெறுங்கையோடு நிற்பார்கள். 90ஆவது தடவையில் உயர் தரப் பாத்திரம் ஒன்று நிச்சயம் என்று கம்பெனி சொல்கிறது. ஆனால் அது பிள்ளை ஆசைப்பட்ட அதே பாத்திரமாக இருக்க வேண்டும் என்பதில்லை. துரதிர்ஷ்டம் முழுவதுமாக அமைந்தால் 180 தடவை, 28,800 கல்.

28,800 கல்லுக்கு எத்தனை ரூபாய்? பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். சட்டென்று சொல்ல வராது. பெரியவர்களாலும் சொல்ல முடியாது. ரூபாய் படிகமாகி, படிகம் கல்லாகி, கல் சீட்டாகிவிட்டது. ரூபாய் நினைவிலிருந்தே போய்விட்டது. "நான் காசு வெச்சு ஆடல" என்று அந்தப் பையன் சொன்னது இதனால்தான்.

பொருட்காட்சிக் கடை சொல்லும் பாடம்

நெல்லையில் பொருட்காட்சிக்குப் போனவர்களுக்கு வளையம் எறியும் கடை தெரிந்திருக்கும். பத்து இருபது ரூபாய்க்குச் சில வளையங்களைக் கையில் கொடுப்பார்கள். சோப்பு டப்பா, பொம்மை, கடிகாரம் என்று பரப்பி வைத்திருப்பார்கள். எதன் மேல் வளையம் முழுதாக விழுகிறதோ அது நமக்கு. பெரும்பாலும் எதன் மேலும் விழாது. வணிக வளாகங்களில் உள்ள விளையாட்டுக் கூடங்களிலும் இதே கதைதான். வாசலிலேயே பணத்தை ஒரு அட்டையில் ஏற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். உள்ளே போன பிறகு பிள்ளை அட்டையைத்தான் உரசுகிறது, பணத்தை எண்ணுவதில்லை.

இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. பொருட்காட்சிக் கடையில் வளையம் தீர்ந்தால் பிள்ளை வாப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாக வேண்டும். அந்த இடத்தில் ஒரு 'வேண்டாம்' இருக்கிறது. சட்டைப் பையில் உள்ள பணத்துக்கும் ஓர் எல்லை உண்டு. இரவு கடையையும் மூடிவிடுவார்கள். கைப்பேசியில் இந்த மூன்று தடையும் இல்லை. வீட்டில் எல்லோரும் உறங்கிய பிறகும் சக்கரம் சுற்றும்.

மனம் ஏன் அதிலிருந்து மீள முடியவில்லை? கல்லூரியில் உளவியல் பாடத்தில் ஸ்கின்னர் என்ற அமெரிக்க அறிஞரைப் பற்றிப் படித்திருக்கிறேன். புறாக்களை வைத்து ஆராய்ந்தவர். கொத்தும்போது எப்போது தீனி விழும் என்று தெரியாதபடி வைத்தால், புறா விடாமல் கொத்திக் கொண்டே இருக்கும் என்று அவர் காட்டினார். நாணய இயந்திரம் இந்தக் குணத்தில்தான் நிற்கிறது. பிள்ளைக்கு மனவுறுதி இல்லை என்று மட்டும் திட்டுவதில் பயனில்லை. எதிரே இருப்பது அந்தப் பலவீனத்தை அறிந்து கட்டப்பட்ட பொறி.

2025 ஜனவரியில் அமெரிக்காவின் வணிக ஆணையம் மேற்சொன்ன கென்ஷின் இம்பாக்ட் கம்பெனி மீது நடவடிக்கை எடுத்தது. 2 கோடி டாலர் கட்ட கம்பெனி ஒப்புக் கொண்டது. 16 வயதுக்குக் கீழுள்ளவர்களுக்குப் பெற்றோர் சம்மதமின்றி இந்தப் பரிசுப் பெட்டிகளை விற்கக் கூடாது என்று நிபந்தனை வந்தது. அதோடு இன்னொரு நிபந்தனை: கல்லுக்கும் படிகத்துக்கும் மட்டும் விற்காமல், நேரடியாகப் பணத்துக்கே பெட்டியை வாங்கும் வழியும் இருக்க வேண்டும். காரணம் விளங்குகிறதா? விலை பணமாகத் தெரிய வேண்டும். பெல்ஜியம் 2018லேயே பணம் கொடுத்து வாங்கும் இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என்று அறிவித்துவிட்டது. ஜப்பானே 2012இல், பல பொருள்களைச் சேர்த்து முடித்தால்தான் பெரிய பரிசு என்ற கச்சா வகையைத் தடுத்தது.

மார்க்கச் சட்டத்தின் அளவுகோல்

சூதாட்டத்தைக் குர்ஆன் 'மைஸிர்' என்கிறது. அல்பகரா 219ஆம் வசனத்தில், அதில் சில பயன்கள் இருந்தாலும் பாவமே பெரிது என்று உணர்த்தப்படுகிறது. அல்மாயிதா 90, 91 வசனங்களில் முற்றிலும் விலகி நிற்கும்படி கட்டளை வருகிறது. காரணமும் சொல்லப்படுகிறது: அது மனிதர்களுக்கிடையே பகையை உண்டாக்கும், இறைநினைவையும் தொழுகையையும் விட்டுத் தடுக்கும்.

தாபியீன்களான அதா, முஜாஹித், தாவூஸ் (ரஹ்) ஆகியோர், பிள்ளைகள் அக்ரூட் கொட்டையைப் பணயம் வைத்து ஆடுவதும் மைஸிர்தான் என்று கருதியதாகத் தஃப்ஸீர் நூல்களில் காணலாம். நம் ஊரில் கோலிக்குண்டை வைத்து ஆடி, வென்றவன் அள்ளிக் கொண்டு போவதைப் போன்றது அது. வைப்பது பணமா கொட்டையா என்று அவர்கள் பார்க்கவில்லை. ஒருவன் தன்னிடம் உள்ள மதிப்புள்ள ஒன்றை இழக்கவோ பெறவோ கூடிய நிலையில் வைக்கிறானா என்று பார்த்தார்கள். டைமண்ட் என்று பெயர் மாற்றுவதால் சட்டம் மாறாது என்பதற்கு இது போதும்.

இன்னொரு வாதம் உண்டு. "எப்படியும் ஏதாவது ஒன்று கிடைத்துவிடுகிறதே, இது வியாபாரம்தானே?" என்று சில இளைஞர்கள் கேட்கிறார்கள். அறியாமைக் காலத்தில் கல்லெறி வியாபாரம் என்று ஒன்று இருந்தது. துணிகளைப் பரப்பி வைத்துக் கல்லை எறிவார்கள். எந்தத் துணியில் விழுகிறதோ அது இன்ன விலைக்கு விற்கப்பட்டதாகக் கொள்வார்கள். வாங்குபவருக்கு ஏதோ ஒரு துணி கிடைக்கத்தான் செய்தது. ஆனாலும் நபி (ஸல்) அவர்கள் கல்லெறி வியாபாரத்தையும், 'கரர்' எனும் இன்னதென்று தெரியாத பொருளின் வியாபாரத்தையும் தடுத்தார்கள். இந்த ஹதீஸ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. கொடுப்பது நிச்சயம், பெறுவது இன்னதென்று தெரியாது. பரிசுப் பெட்டிக்கு இதைவிடப் பொருத்தமான முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை.

ஆகவே எந்த விளையாட்டாக இருந்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

1. விளையாட்டுக் காசு வாங்க வீட்டுக் காசு உள்ளே போகிறதா?
2. அதைக் கொடுத்தால் என்ன கிடைக்கும் என்பது முன்பே தெரியுமா, அல்லது அதிர்ஷ்டமா?
3. கிடைத்ததை மறுபடி பணமாக்க வழி இருக்கிறதா?

முதல் கேள்விக்கு 'இல்லை' என்றால், அது போக்கிமானின் பழைய கேம் கார்னர் போன்ற மூடிய அறை. பணயமாக வைக்கப்படும் செல்வம் எதுவும் இல்லாததால் இதை மைஸிர் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அதே சமயம், பகடை ஆட்டமான 'நர்த்' பற்றி முஸ்லிமில் கடுமையான எச்சரிக்கை வந்திருக்கிறது. பணயம் இல்லாவிட்டாலும் அது கூடாது என்பது பெரும்பான்மை இமாம்களின் கருத்து. எனவே பிள்ளைகள் அந்த நாணய இயந்திரத்தின் பக்கம் போகாமல் இருப்பதே பேணுதல். ஆனால் அந்த ஓர் அறைக்காக முழு விளையாட்டையும் ஹராம் என்று முழங்குவதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை.

முதல் கேள்விக்கு 'ஆம்', இரண்டாவதற்கு 'அதிர்ஷ்டம்' என்றால், அது பரிசுப் பெட்டியும் சக்கரமும். இதைக் கூடாது என்றே நான் சொல்வேன். மைஸிர் என்று சொன்னாலும் கரர் என்று சொன்னாலும் வந்து சேரும் இடம் ஒன்றுதான்.

மூன்றாவதற்கும் 'ஆம்' என்றால், பேச்சுக்கே இடமில்லை, அப்பட்டமான சூதாட்டம். ஜப்பானில் 'பச்சின்கோ' என்ற இரும்புக் குண்டு ஆட்டக் கூடங்களில் பணம் கொடுக்க மாட்டார்கள். குண்டுகளுக்கு ஒரு பரிசுப் பொருள் தருவார்கள். பக்கத்திலுள்ள இன்னொரு கடை அந்தப் பொருளை வாங்கிக் கொண்டு பணம் தரும். விளையாட்டுப் பொருள்களையும் கணக்குகளையும் வெளியே பணத்துக்கு விற்கும் இடங்களும் இப்படிப்பட்டவையே. கடை இரண்டாகப் பிரிந்திருப்பதால் சூது வியாபாரமாகிவிடாது.

விலையும் பொருளும் முன்பே தெரிந்து, குறிப்பிட்ட உடையையோ பாத்திரத்தையோ நேராக வாங்குவது வேறு. அது வியாபாரம். அங்கே கேள்வி, வீண்விரயமா, பொறுப்பாளரின் அனுமதி உண்டா என்பதுதான். புத்தி முதிராதவர்களிடம் செல்வத்தை ஒப்படைக்க வேண்டாம் என்ற கருத்து அன்னிஸா 5ஆம் வசனத்தில் இருக்கிறது. நாட்டுச் சட்டமும் இதையொட்டியே நிற்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர். சிறுவர் செய்த ஒப்பந்தம் செல்லாது என்று 1903இல் பிரிவி கவுன்சிலும் தீர்ப்பளித்தது. அறியாமல் பிள்ளை வாங்கிவிட்டால், செயலிக் கடையில் பணத்தைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்கத் தயங்காதீர்கள்; தாமதிக்கவும் வேண்டாம்.

நாட்டின் சட்டம் எதுவரை காக்கும்?

தமிழ்நாடு இந்த விஷயத்தில் நீண்ட காலமாகப் போராடி வருகிறது. லாட்டரிச் சீட்டு 2003இல் தடை செய்யப்பட்டது. இணைய ரம்மியால் கடனாளியாகி உயிரை மாய்த்துக் கொண்டவர்களின் செய்திகள் தொடர்ந்து வந்தபோது, 2020 நவம்பரில் அவசரச் சட்டமும் 2021இல் சட்டமும் வந்தன. 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கைக்குப் பின், 2022 அக்டோபரில் புதிய மசோதா நிறைவேறியது. ஆளுநர் திருப்பி அனுப்ப, 2023 மார்ச்சில் பேரவை மீண்டும் நிறைவேற்றியது, ஏப்ரலில் சட்டமானது. அதே ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக் கொண்டு, திறமை ஆட்டம் என்ற அடிப்படையில் ரம்மிக்கும் போக்கருக்கும் மட்டும் விலக்களித்தது. 2025 பிப்ரவரியில் வந்த விதிமுறைகள், பணம் வைத்து ஆடும் ஆட்டங்களில் 18 வயதுக்குக் கீழுள்ளவர்களைத் தடுத்தன. நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை ஆடவும் தடை விதித்தன.

பிறகு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் மத்தியச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. திறமையா அதிர்ஷ்டமா என்று பிரிக்காமல், பணம் வெல்லும் எதிர்பார்ப்பில் பணம் வைத்து ஆடும் எல்லா இணைய ஆட்டங்களையும் அது தடை செய்கிறது. நடத்துபவருக்கு மூன்றாண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. பணம் கொடுத்து வாங்கிய நாணயம், டோக்கன், கிரெடிட், பொருள் என எந்தப் பெயரில் இருந்தாலும் அதுவும் பந்தயப் பொருள்தான் என்று அச்சட்டம் சொல்கிறது. பதினான்கு வயதுப் பையனுக்குப் புரியாததை நாடாளுமன்றம் எழுதி வைத்துவிட்டது என்று சொல்லலாம்.

ஆனால் பெற்றோர்கள் இதைக் கேட்டு நிம்மதியாகப் படுத்துவிடக் கூடாது. இந்தச் சட்டங்களின் குறி பணம் வெல்லும் ஆட்டங்கள். பரிசுப் பெட்டியில் விழுவது பணம் அல்ல. வாள், உடை, பாத்திரம். பணம் உள்ளே மட்டும் போகும், வெளியே வராது. அதனால் அந்தச் சக்கரம் இன்றும் பிள்ளைகளின் கைப்பேசியில் சுற்றிக் கொண்டுதான் இருக்கிறது. சட்டம் தெருமுனை வரைதான் வரும். வீட்டு வாசலுக்குப் பொறுப்பாளர் நாம்.

வீட்டில் செய்ய வேண்டியவை

யுபிஐ பின் நம்பர் பிள்ளைகளுக்குத் தெரியக் கூடாது. இன்றே மாற்றுங்கள். கரண்டு பில் கட்டப் பிள்ளையின் உதவி தேவைப்பட்டால், மற்றதை அவன் செய்யட்டும், பின் நம்பரை நீங்களே போடுங்கள். நான்கு அல்லது ஆறு எண்தான்; எழுதப் படிக்கத் தெரியாதவரும் கற்றுக் கொள்ளலாம்.

செயலிக் கடையின் அமைப்பில், ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி வைக்கலாம். பிள்ளையின் கைப்பேசியைப் பெற்றோர் கண்காணிக்கும் வசதியும் உண்டு. தெரியாவிட்டால் ஜமாஅத்தில் படித்த இளைஞர்கள் பலர் இருக்கிறார்கள். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் வராண்டாவில் உட்கார்ந்து வைத்துக் கொடுக்கலாம். கடைகளில் ரொக்கத்துக்கே 'ரீசார்ஜ் கோடு' கிடைக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். வங்கிக் கணக்கைப் பூட்டினால் மட்டும் போதாது. பெருநாள் காசு எங்கே போகிறது என்றும் கேளுங்கள். பாதி விலைக்கு டைமண்ட் என்று வரும் விளம்பரங்களில் பெரும்பாலானவை மோசடி. ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யுங்கள்.

இவற்றைவிட முக்கியமானது, பிள்ளையோடு உட்கார்ந்து அந்த விளையாட்டை ஒருமுறை பார்ப்பது. மூன்று கேள்விகளையும் அவனையே கேட்கச் சொல்லுங்கள். அடித்துப் பிடுங்கினால் நண்பனின் போனில் ஆடுவான். புரிந்து விட்டவன் தான் விடுவதோடு நண்பனையும் தடுப்பான்.

அந்தப் பையனின் கணக்கு

ஒரு வாரம் கழித்து அவன் வந்தான். நான் எந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை. ஒரு நோட்டைக் கொடுத்து, வங்கிக் கணக்கைப் பார்த்து ஒவ்வொரு டாப்-அப்பையும் எழுதச் சொன்னேன். பக்கத்தில் எத்தனை டைமண்ட், எத்தனை சுற்று, என்ன விழுந்தது என்று அவன் நினைவிலிருந்த வரை எழுதினான். பிறகு, "உம்மாவுக்கு ஆயிரம் பீடிக்கு என்ன கூலி?" என்று கேட்டேன். சொன்னான். "அப்படியானால் ஒரு சுற்றுக்கு எத்தனை பீடி?" என்றேன்.

கணக்குப் போட்டான். முதல் பக்கம் முடிவதற்குள் பேனாவை வைத்துவிட்டான். "ஹஜ்ரத், இது காசுதான்" என்றான்.

பீடிக் கூலி அவனுக்குத் தெரியும். உம்மா முறத்தை மடியில் வைத்து இரவு வரை சுற்றுவதையும் அவன் தினமும் பார்க்கிறான். டைமண்டுக்கும் அந்த முறத்துக்கும் இடையிலுள்ள தொடர்பைத்தான் விளையாட்டு அவனிடமிருந்து மறைத்திருந்தது. பணத்தில் ஒரு சிறு பகுதி மட்டும் திரும்பக் கிடைத்தது. மீதியை உறவினர் ஒருவர் கடனாகக் கொடுக்க, அக்காவின் கட்டணம் தாமதமாகக் கட்டப்பட்டது. அக்கா அவனோடு சில வாரங்கள் பேசவில்லை. மைஸிர் பகையை உண்டாக்கும் என்று அல்மாயிதாவில் படித்தோமே, அது ஒரே வீட்டுக்குள் அக்காவுக்கும் தம்பிக்கும் இடையில் நடந்ததை நான் பார்த்தேன். இப்போது பேசுகிறார்கள், அல்ஹம்துலில்லாஹ்.

வா, சூதாடலாம் என்று ஒருவன் தோழனை அழைத்துவிட்டால், அழைத்ததற்காகவே தர்மம் செய்யட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருப்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உண்டு. ஆடாமல் வாயால் அழைத்ததற்கே பரிகாரம் என்றால், நம் பிள்ளைகளைக் கைப்பேசி நாள் முழுவதும் அழைத்துக் கொண்டிருப்பதை நாம் எவ்வளவு கவனிக்க வேண்டும்! இன்றிரவு உங்கள் பிள்ளையின் விளையாட்டைத் திறந்து, அதில் என்ன காசு ஓடுகிறது, அது யாருடைய உழைப்பு என்று சேர்ந்து பாருங்கள்.

அல்லாஹ் நம் சம்பாத்தியத்தையும் நம் சந்ததியையும் பாதுகாப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.